சத்தம் கூடிய பெட்டியாகப் பாருங்கள்

புத்தூர்
3-2-1937

என் அன்புள்ள அண்ணைக்கு, ஞானாம்பிகை எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை எழுதமாட்டேன் என்கிறது. நானும் பிள்ளையும் இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் சுகத்தை எழுதுங்கள். தோட்டத்தில் புகையிலை நெஞ்சளவுக்கு நிற்கிறது, உங்கள் சுருட்டுக்கடை முதலாளிக்குச் சொல்லி வையுங்கள்.

ஈப்போவிலிருந்து உங்கள் மச்சானின் கடிதம் வந்தது. வைகாசியில் ஆறு மாத லீவில் வருகிறாராம். அங்கே அவருடைய ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் ஒரு கூட்டத்தில் மெலோடியன் வாசித்தாளாம். மடியில் வைத்துத் துருத்தியை இழுத்தும் தள்ளியும் வாசிக்கிற சின்னப் பெட்டி, வலப்பக்கத்தில் பத்துப் பொத்தான் இருக்குமாம். அதைக் கண்ட நாள் முதல் அவருக்கு நித்திரை இல்லை. "என்ரை பிள்ளை அவளிலும் குறைஞ்சவளோ" என்று எழுதியிருக்கிறார். தான் வந்து இறங்கும் நாளில் பத்மாசினி ஒரு பாட்டு வாசித்துக் காட்டவேண்டும் என்பது கட்டளை. பெட்டிக்கு இருபது ரூபாய் உங்கள் பெயருக்கு மணியோடரில் வரும். அதற்குள் அடங்கக்கூடியதாக நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டுமாம்.

அண்ணை, இனி எழுதுவதை வேறு கண் படும்படி வைக்காதீர்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை.

தீபாவளிக்கு நீங்கள் வந்து நின்ற நேரம் அவளுக்கு அம்மாள் வருத்தம் கண்டதல்லவா, உடம்பெல்லாம் சின்னமுத்துப் போட்டு. நீங்கள் போன பிறகு இரண்டு காதாலும் சீழ் வடிந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்றதும் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். கிணற்றடியில் இருந்து கூப்பிட்டால் வரமாட்டாள். பிடிவாதம் என்று நினைத்து இரண்டு அடியும் போட்டேன். அந்த அடியை நினைத்தால் இப்போது என் கைதான் எரிகிறது. போன செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பின்னால் செம்புக்குடம் விழுந்து முற்றம் முழுவதும் உருண்டது. கோழிகள் பறந்தன. அவள் மண்ணில் கோடு கீறிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பயமாயிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அவர் மலாயாவுக்குப் போகும்போது அவள் பாடின பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் படலையைத் தாண்டினார். அவருடைய குணம் உங்களுக்குத் தெரியும். பிழை ஒன்று கண்டால் முதலில் "ஆர் செய்தது?" என்பார். அந்த ஆளோடு பிறகு பேச்சு இல்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் நகர்த்தினதற்காகத் தன் கூடப்பிறந்த தமையனோடு பதினொரு வருடம் கதைக்காமல் இருந்த மனிதர்.

பெட்டியைச் சத்தம் கூடியதாகப் பாருங்கள். நிறம், பூவேலை எதுவும் வேண்டாம். வளவு அதிர்கிற பெட்டி எதுவோ அது. உரத்த சத்தம் பட்டால் அடைத்திருப்பது திறக்கும் என்று மனம் சொல்கிறது.

மறுமொழியைக் கவரில் போடுங்கள். எங்கள் தபாற்கந்தோரில் போஸ்ட்காட்டை வாசிக்காமல் கொடுத்தால் பாவம் என்று நினைக்கிறார்கள்.

உங்கள் தங்கை
ஞானாம்பிகை


கொழும்பு
11-2-1937

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் சீவரத்தினம் ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நீ சின்ன வயதிலிருந்தே பல்லி சொன்னால் பயப்படுகிறவள். அம்மாள் விளையாடிப் போன உடம்பு, அசதி இருக்கும். காதில் ஊத்தை அடைத்திருக்கும். வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயில் இரண்டு துளி விடு. பரியாரியாரிடம் காட்டு. ஆசுப்பத்திரிக்கு மட்டும் ஓடாதே. அங்கே காலை வைத்தால் கதை சுன்னாகம் சந்தைக்குப் போய்ச்சேரும். பெட்டைப்பிள்ளை, நாளைக்கு ஒருவன் கைப்பிடிக்க வேண்டாமா.

மணியோடர் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புறக்கோட்டைக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினேன். வெள்ளைக்காரச் சாமான் விற்கிற கடையில் ஒரு பெட்டி கண்டேன். சிவப்பு வர்ணம், மூலைக்கு மூலை வெள்ளித் தகடு, கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கடைக்காரன் வாசித்தும் காட்டினான். மெல்லிய குரல். இருபத்திரண்டு ரூபாய்க்குக் குறையமாட்டேன் என்றான். ஏலக்கடையில் ஒன்பது ரூபாய்க்கு ஒன்று கிடந்தது, அதை இழுத்தால் பூனைக்குட்டி மிதிபட்ட சத்தம்தான் வருகிறது.

கடைக்காரன் ஒரு விஷயம் சொல்லித் தந்தான். பெட்டிக்கு மேலே குமிழ்கள் இருக்கும். ஒரு குமிழை மேலே இழுத்தால் உள்ளே ஒரு வரிசை நாக்குத் திறக்கும். இரண்டு குமிழ்ப் பெட்டிக்கு இரண்டு வரிசை. நாலு குமிழ் என்றால் ஒரு பொத்தானை அமத்த நாலு நாக்கும் ஒன்றாகக் கத்தும். உனக்கு வேண்டியது நாலு குமிழ்ப் பெட்டி. புதிது நாற்பது ரூபாய். மச்சான் அனுப்பினதுக்கு அதில் அரைவாசிதான் வெட்டித் தருவான்.

பழையது எங்காவது அகப்படும். பார்க்கிறேன். நீ கண்டதையும் நினைத்து உடம்பைக் கெடுக்காதே.

அண்ணன்
சீவரத்தினம்


புத்தூர்
20-2-1937

அன்புள்ள அண்ணைக்கு,

எண்ணெய் விட்டேன். பரியாரியார் ஒரு மண்டலத்துக்கு மருந்து தந்தார். காது மணக்கிறது, வேறு மாற்றம் இல்லை.

பத்மாசினி கெட்டிக்காரி. அது எனக்கு இன்னும் பயம். அவளுக்கு முன்னால் நின்று கதைத்தால் வாயைப் பார்த்து மறுமொழி சொல்லிவிடுகிறாள். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வருகிறது, சில சொல்லில் வால் இல்லை. பக்கத்து வளவுக் கமலாவதி நேற்று, "உவள் என்ன கொன்னை தட்டுறாள்?" என்று கேட்டாள். பல்லு விழுகிற வயசு என்று சொல்லிச் சமாளித்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டால் யார் வந்தாலும் நான் முதலில் ஓடிப்போய் அவளை அவர்களுக்கு முகம் பார்க்க இருத்திவிடுகிறேன்.

ஆசுப்பத்திரி வேண்டாம் என்று இரண்டாம் தரமும் சொல்கிறீர்கள். முதல் தரம் சொன்னபோது நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிலில் ஏறி இருந்தேன். காய்ச்சலில் காதைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். நீங்கள் படலையை மறித்து நின்றீர்கள். "அம்மாள் குடியிருக்கிற பிள்ளையை மருந்து மணக்கிற இடத்துக்குக் கொண்டு போறியோ? தாய் கோவிச்சால் கண்ணைப் பிடுங்கிப்போடும்" என்று சொல்லி மாட்டை அவிழ்த்தீர்கள். படலையில் வேப்பிலை கட்டினீர்கள். அப்பாவின் இடத்தில் இருக்கிறவர் நீங்கள், சொன்னதைக் கேட்டேன். குறை சொல்லவில்லை அண்ணை. நினைவு வந்தது, எழுதுகிறேன்.

வைகாசிக்கு இன்னும் மூன்று மாதம்தான். பெட்டியைச் சுணக்காதீர்கள். பழையது என்றாலும் பரவாயில்லை, சத்தம் குறையக்கூடாது.

தங்கை
ஞானாம்பிகை


கொழும்பு
7-3-1937

அன்புத் தங்கச்சிக்கு,

பெட்டி வாங்கியாயிற்று. இனி மூச்சு விடு.

கொட்டாஞ்சேனையில் யசிந்தா என்று ஒரு மனுஷி. அவளுடைய புருஷன் கலியாண வீடுகளில் வாசிக்கிறவனாம், இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனான். எங்கள் கடைக்குச் சுருட்டு வாங்க வருகிற ஒருவன் சொல்லித்தான் போனேன். துணியால் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கறுப்புப் பெட்டி, மேலே நாலு எலும்புக் குமிழ். ஜெர்மனிச் சாமான்.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. புகையிலைச் சிப்பம் பார்க்கிற கண்ணால் பார்த்தேன். ஒரு பொத்தானையும் அமத்தாமல் மேல் பக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிட்டேன். துருத்தியில் ஓட்டை இருந்தால் பொத்தென்று கீழே இறங்கிவிடும். நான் நாற்பது எண்ணும் வரைக்கும் இறங்காமல் நின்றது. பிறகு ஒவ்வொரு பொத்தானாக இழுத்தும் தள்ளியும் பார்த்தேன். ஒரே பொத்தான் இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். ஏழாவது மட்டும் கொஞ்சம் இருமுகிறது. துருத்தியின் ஒரு மடிப்பில் தோல் ஒட்டுப் போட்டிருக்கிறது. இவை இரண்டையும் காட்டி இருபத்தைந்தைப் பதினெட்டுக்கு இறக்கினேன். நாலு குமிழையும் இழுத்துவிட்டு அவள் வாசித்தபோது முன்வீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்தினான்.

"யார் வாசிக்கப் போறது?" என்று கேட்டாள். ஏழு வயது மருமகள் என்றேன். "சின்னப் பிள்ளைக்கு இது பாரம். சத்தமும் கூட. ரெண்டு குமிழ் ஒண்டு எடுங்க" என்றாள். எங்கள் வளவு பெரியது என்று சொல்லிவைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வேர்த்துவிட்டது.

பாட்டுக்கும் வழி செய்தேன். அவளுக்குச் சுரம் கிரம் தெரியாது, புருஷன் பொத்தானுக்கு நம்பர் போட்டுத்தான் பழக்கினானாம். ஒரு பாட்டை அப்படியே சொல்லச் சொல்லி எழுதி எடுத்தேன். இதற்குள் தாள் வைத்திருக்கிறேன். "5 தள்ளு, 5 தள்ளு, 6 தள்ளு, 5 இழு" என்று போகும். பொத்தானுக்குப் பக்கத்தில் கடதாசித் துண்டில் நம்பர் எழுதி ஒட்டு. காது தேவையில்லை, கண்ணும் விரலும் போதும். அது வேதக்காரர் மாதா கோயிலில் பாடுகிற பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. மச்சானுக்கு ஈப்போப் பாட்டு என்று சொல்லிவிடு.

வெயிலில் வைக்காதே, அடுப்பங்கரையிலும் வைக்காதே. நாக்கெல்லாம் தேன்மெழுகால் ஒட்டியிருக்கிறது, உருகினால் உள்ளே விழுந்துவிடும். எங்கள் கடைத் தேவராசா பதினைந்தாம் திகதி ஊருக்கு வருகிறான். சுருட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி அவன் கையில் அனுப்புகிறேன்.

நீ எழுதின மற்ற விஷயத்துக்கு ஆறுதலாக எழுதுகிறேன்.

அண்ணன்
சீவரத்தினம்


புத்தூர்
22-3-1937

என் அண்ணை,

பிள்ளைக்குக் கேட்கிறது.

தேவராசா பெட்டியைக் கொண்டுவந்து தந்துவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் போனான். கதவைச் சாத்திவிட்டு அவளுடைய மடியில் வைத்தேன். பாரத்தில் சரியாமல் இருக்க அவள் நாடி எலும்பைப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டாள். நான் நாலு குமிழையும் இழுத்துவிட்டு, ஐந்தாம் பொத்தானை அமத்தித் துருத்தியை இழுத்தேன். அண்ணை, அவளுடைய கண் இரண்டும் விரிந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். "கேக்குது அம்மா" என்றாள். "உள்ளுக்குக் கேக்குது. இன்னும் இழுங்கோ." நான் இழுக்க இழுக்க அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அப்படித்தான்.

பகலுக்குள் நம்பர்த் தாளில் முதல் வரியைப் பழகிவிட்டாள். பெட்டியைக் கீழே வைக்க மாட்டாளாம். நான் குளித்துவிட்டு அம்மன் கோயிலுக்கு ஓடினேன். வழியில் கமலாவதி என்ன விசேஷம் என்று கேட்டாள், வாய் தவறிச் சொல்லிவிடப் பார்த்தேன். பயம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. நாளைக்கு எழும்பிப் பார்த்தால் இது இல்லாமல் போய்விடுமோ என்று. ஆனால் அண்ணை, கேட்டது. என் கண்ணால் கண்டேன்.

உங்கள் கால் நோகத் திரிந்து தேடின பெட்டி. உங்களுக்கு ஒரு குறையும் வராது.

என்றும் உங்கள் தங்கை
ஞானாம்பிகை


கொழும்பு
27-3-1937

என் தங்கச்சிக்கு,

கடிதத்தைக் கடைக்குள் வைத்து வாசிக்க முடியாமல் பின்பக்கம் சிப்பங்களுக்கு நடுவில் போய் நின்று வாசித்தேன். முதலாளி வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டார். ஒருவரும் சாகவில்லை, பிழைத்திருக்கிறார்கள் என்றேன்.

இனிச் சொல்லலாம். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. மாட்டை அவிழ்த்தவன் நான். பிள்ளை காதைப் பிடித்துக் கத்தினதை நானும்தான் கேட்டேன். அம்மாளுக்குப் பயந்தேன், அது உண்மை. ஊர் என்ன சொல்லும் என்பதற்கும் பயந்தேன். அம்மாள் கண்ட வீட்டில் இருந்து வண்டில் புறப்பட்டால் என்னைத்தான் கேட்பார்கள். நீ எழுதின முதல் கடிதத்தில் காது என்ற சொல்லைக் கண்டதும் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் ஊத்தை என்றும் அசதி என்றும் எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தேன். பெட்டிக்காக ஒவ்வொரு கடைப்படியாக ஏறினதும் அதற்குத்தான்.

அம்மாள் என்னைக் காப்பாற்றிவிட்டாள். பிள்ளைக்குக் கேட்டபடியால் என் பிழையும் போயிற்று. மச்சான் வந்து ஆர் என்று கேட்க இனி ஒன்றும் இல்லை. நீயும் இதை மனதில் வைத்திருக்காதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் அண்ணன்
சீவரத்தினம்


புத்தூர்
4-4-1937

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

பிள்ளைக்குக் கேட்கவில்லை. நான் தவறாக எழுதிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை எடுத்து, நாலு குமிழையும் இழுத்துவிட்டு, என் பலம் எல்லாம் சேர்த்து இழுத்தேன். நாலு வீடு தள்ளி நாய் குரைத்தது. பூனை ஓடிவிட்டது. பூனை ஏன் ஓடினது என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டி என் கையில் இருந்ததைக் கண்டு, தன்னிடம் தரச்சொல்லிக் கையை நீட்டினாள். பிறகு நாலு முறை பார்த்துவிட்டேன். நாடியிலோ நெஞ்சிலோ பட்டால்தான் அவளுக்குத் தெரிகிறது. அவள் கேட்பது எலும்பால்.

அது அவளுக்குத் தெரியாது. நெஞ்சு அதிர்வதுதான் கேட்பது என்று நினைத்திருக்கிறாள். முந்தநாள் என்னிடம் கேட்டாள்: "இப்ப எனக்குக் கேக்குது தானே. பிறகேன் அம்மா நீங்கள் எல்லாரும் சத்தமில்லாமல் கதைக்கிறியள்?" அடுப்பைப் பார்க்கிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

உங்கள் பிழை போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். அது போகவில்லை அண்ணை. என்னுடையதும் போகவில்லை. அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, எனக்கு இப்போது சண்டை பிடிக்கச் சீவன் இல்லை. ஒரு உதவிதான் கேட்கிறேன்.

அவர் வைகாசி ஐந்தாம் திகதி கப்பலில் கொழும்பில் இறங்குவார். நீங்கள்தான் துறைமுகத்துக்குப் போவீர்கள். அவரோடு ரயில் ஏறுங்கள். சுன்னாகத்தில் இறங்க முதல், வழியில், இப்படி இப்படி என்று சொல்லிவிடுங்கள். காதைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், மாட்டைப் பற்றிச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். அவர் படலைக்குள் காலை வைக்கும்போது தெரிந்துகொண்டு வரவேண்டும். தெரியாமல் வந்து, அவளைக் கூப்பிட்டு, அவள் திரும்பாமல் நிற்கிறதைக் கண்டுபிடிக்கக்கூடாது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறேன். அந்த நேரம் நீங்கள் முற்றத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆண்துணை இல்லை.

தங்கை
ஞானாம்பிகை


கொழும்பு
15-4-1937

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கிழமை வைத்திருந்தேன்.

மச்சானோடு வருகிறேன். வழியில் நானே சொல்லுகிறேன். எல்லாவற்றையும் சொல்லுகிறேன். அம்மாள் மேல் ஆணை. நீ பிள்ளைக்குப் பாட்டைப் பழக்கு, அதை விடாதே. ஏழாம் பொத்தான் இருமினால் அதை மெதுவாக அமத்தச் சொல்லு.

அண்ணன்
சீவரத்தினம்


கொழும்பு
19-5-1937
மச்சான் கைவசம்

அன்புத் தங்கச்சிக்கு,

இதை அவசரத்தில் எழுதுகிறேன். மச்சான் முன்பக்கம் முதலாளியோடு இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். நல்ல சுகமாக இருக்கிறார். பிள்ளைக்கு ஒரு பட்டுச்சட்டையும் பொம்மையும் கொண்டு வந்திருக்கிறார். இறங்கின நேரம் முதல் அவள் கதைதான். "பாட்டுப் பழகிட்டாளோ? சத்தம் நல்ல சத்தமோ?" என்று மூன்று தரம் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. நன்றாக வாசிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

கடையில் கணக்கு முடிக்கிற கிழமை. முதலாளி லீவு தரமாட்டார். நான் கேட்டுப் பார்க்கவும் இல்லை, உனக்குப் பொய் சொல்லி என்ன. கையும் காலும் வராது தங்கச்சி. பிறகு ஒரு நாள் வருகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

சீவரத்தினம்


புத்தூர்
14-6-1937

அண்ணைக்கு, ஞானாம்பிகை எழுதுவது.

உங்கள் கடிதத்தை அவர் தன் கையாலேயே என்னிடம் தந்தார். வந்த களைப்பு ஆறமுதல், சட்டைப்பையில் இருந்து எடுத்து, "கொண்ணன் தந்தவர்" என்று சிரித்துக்கொண்டு நீட்டினார். நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்று நான் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்க்காரன் ட்ரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனான். பிறகுதான் கவரை உடைத்தேன். அவர் முகம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசித்து முடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்மாசினி பட்டுச்சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்டியை மடியில் தூக்கி வைத்து, நாடியை ஊன்றி, பாட்டை ஒரு பொத்தானும் பிசகாமல் வாசித்தாள். அவர் நிலத்தில் இருந்துவிட்டார். "வேதக்காரரின்ரை பாட்டெண்டாலும் என்ரை பிள்ளை வாசிக்கேக்கை எவ்வளவு நல்லாயிருக்கு" என்று கண்ணைத் துடைத்தார். நீங்கள் பார்த்து எடுத்த பெட்டியை இருபது ரூபாய்க்குள் வேறு ஒருவராலும் எடுத்திருக்க முடியாது என்று சொன்னார். அன்றைக்கும் மறுநாளைக்கும் நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தேன். அவர் வாய் திறக்கிறபோதெல்லாம் பிள்ளையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியில் நின்று துவாய் கொண்டுவரச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். நான் அடுக்களைக்குள் மாவுக் கையோடு இருந்தேன். மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு சத்தமில்லை. நான் வெளியே வந்தபோது ஈர வேட்டியோடு அவளுக்குப் பின்னால் நின்றார். அவளுடைய காதுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். அவள் என்னைக் கண்டு சிரித்தாள். அவர் தன் பின்னால் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே கார் பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். செவிப்பறை இரண்டும் அழுகிப் போய்விட்டது என்றார். காய்ச்சலும் காதுக்குத்தும் கண்ட கிழமை கொண்டுவந்திருந்தால் ஒரு காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். இவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, முற்றத்தில் வைத்துக் கேட்டார்.

"அந்தக் கிழமை கொண்டு போகாமல் மறிச்சது ஆர்?"

நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதமும், கைவசம் அனுப்பின கடிதமும் இரண்டும் என் இடுப்பில்தான் இருந்தன. எடுத்து நீட்டினால் போதும். நீங்கள் வந்து நின்றிருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள் என்று இப்போதும் நம்புவதற்கு எனக்கு ஆசை.

"ஒருத்தரும் மறிக்கேல்லை. அம்மாளுக்குப் பயந்து நான்தான் போகேல்லை" என்றேன்.

உங்களைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். மாட்டை அவிழ்த்தது நீங்கள். வண்டிலை விட்டு இறங்கினது நான். எனக்கு இரண்டு காலும் இருந்தன, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போயிருக்கலாம். உங்களுக்குப் பயந்து போகவில்லை. அதற்குப் பிறகு அவருக்குப் பயந்து நாலு மாதம் ஒளித்தேன். அந்த முற்றத்தில் நிற்கும்போது இனிப் பயந்து என்ன செய்யப் போகிறேன் என்று தோன்றியது.

அன்று முதல் அவர் என்னோடு கதைப்பதில்லை. இன்றைக்கு இருபத்து நாலு நாள். சோறு வைத்தால் சாப்பிடுகிறார். பிள்ளையோடுதான் நாள் முழுவதும். நிலத்தில் காலால் ஓங்கி ஒரு உதை உதைப்பார், அது அதிர்ந்து அவள் திரும்பிப் பார்ப்பாள். அப்படித்தான் கூப்பிடுகிறார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய நெஞ்சில் வைத்து வாசிக்கிறாள், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று. கார்த்திகையில் திரும்பிப் போகும்போது என்னோடு ஒரு சொல் கதைத்துவிட்டுப் போவாரோ தெரியாது. கதைக்காவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன், பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிறேன். கமலாவதி கேட்டாள், ஓம், காது கேளாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் ஒரு கடதாசித் துண்டில் எழுதி மேசையில் வைத்திருந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதை இப்போது அப்படித்தான் சொல்கிறார். "ஆனி உத்தரத்துக்குச் சீவரத்தினத்தை வரச்சொல்லி எழுதவும். இவ்வளவு அலைந்து பெட்டி வாங்கித் தந்தவருக்கு ஒரு நேரச் சாப்பாடாவது போட வேண்டும்."

எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நீங்கள் வரவேண்டாம்.

ஞானாம்பிகை